நூற்று முப்பத்தைந்தும் மஞ்சள் சேலையும்

பட்டப்பகலில், போர்ட் பிளேரில், அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஒன்றின் தகரக் கூரைமேல் நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நாடகத்துக்காக அல்ல. வேண்டுதலும் கிடையாது. அப்போது எனக்கு மீசை வேறு இருந்தது. புத்தி தெளிவாகத்தான் இருந்தது என்று சொன்னால் என் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதால் அதை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.

என்னை அந்தக் கூரையில் ஏற்றியவரை ஊரே நூற்று முப்பத்தைந்து என்றுதான் கூப்பிட்டது. அந்தமானில் ஒரு மனிதரை எண்ணால் கூப்பிட்டால், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் அன்றைக்கு வந்து இறங்கியவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். பழைய கைதி என்று நினைப்பு. அவர் கைதி இல்லை. பொதுப்பணித் துறையில் எங்கள் ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேன், வரைபடம் போடுகிறவர். அந்த எண் அவரிடம் இருந்த ஒரு கேமரா லென்ஸின் மில்லிமீட்டர் கணக்கு.

மனிதகுலத்தின் எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம் தப்பான லென்ஸைப் போட்டுக்கொண்டு பார்ப்பதுதான் என்று மெய்யாகவே நம்பிய ஒரே மனிதர் அவர். தத்துவ ஞானிகள் பலரை அரைகுறையாகப் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுவில் பீனிக்ஸ் பே சரிவில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லாரும் ஒண்டிக்கட்டைகள். கல்யாணம் ஆகாதவர்கள் பாதி, ஆகியும் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பாதி. எல்லாருக்கும் சேர்த்து நாயர் என்பவர் மெஸ் நடத்தினார். சாப்பிட உட்கார்ந்ததும் நூற்று முப்பத்தைந்து எங்களை லென்ஸாகப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். நம்பர் குறைந்தால் அகலம். எல்லாம் விழும், ஆனால் எல்லாமே பொடிப்பொடியாக விழும். நம்பர் கூடினால் குறுகல்; கொஞ்சம்தான் விழும், விழுந்தது கிட்டத்தில் நிற்கும். இதுதான் பாடம். ஆபீஸ் சமாச்சாரம் அத்தனையும் தெரிந்து ஒன்றும் முழுசாகத் தெரியாத ஹெட்கிளார்க் முப்பத்தைந்து மில்லிமீட்டர். உள்ளதை உள்ளபடி பார்க்கும் நாயர் ஐம்பது. நான் எத்தனை என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன்.

“நீ மூடி கழத்தாத லென்ஸுய்யா,” என்றார்.

அந்த லென்ஸ்களை அவர் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தார். தீவில் வருஷத்தில் பெரும்பகுதி மழை. கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படரும். அதற்காக அரிசியை வறுத்து ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி, லென்ஸ்களை அதற்குள் புதைத்து வைத்திருப்பார். ஈரத்தை அரிசி குடித்துக்கொள்ளுமாம். ஒருமுறை மெட்ராஸ் கப்பல் வரத் தாமதமாகி ஊரில் ரேஷன் அரிசி தீர்ந்தபோது, நாயர் அந்த டின்னைக் கண்டுபிடித்துக் கஞ்சி வைத்துவிட்டார். நாங்கள் எல்லாரும் குடித்தோம். நூற்று முப்பத்தைந்தும் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் தன் லென்ஸ்கள் வெறும் டின்னில் கிடப்பதைப் பார்த்தார். ஒரு வாரம் நாயரிடம் பேசவில்லை. கஞ்சியைக் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை குடித்தவர் அவர்தான் என்பதை நாங்களும் சொல்லிக்காட்டவில்லை.

இத்தனையும் எதற்கு என்றால், ஒரே ஒரு போட்டோவுக்கு. அது ஒரு பெண்ணுக்குப் போகவேண்டிய போட்டோ.

அவர் மனைவி பார்வதி அருப்புக்கோட்டையில் இருந்தார். கல்யாணம் ஆன சூட்டில் இவருக்கு அந்தமான் வேலை வந்தது. கொலை செய்தவனை அனுப்புகிற ஊருக்கு ஒரு குற்றமும் செய்யாத என் பெண்ணை எதற்கு அனுப்ப வேண்டும் என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். அடுத்து லீவில் போனபோது பார்வதியே கதவோரம் நின்று ஒரு வழி சொன்னாராம். அதை எங்களிடம் அவர் அடிக்கடி அப்படியே சொல்லுவார், அந்தம்மா குரலிலேயே:

“ஊரப் போட்டோ புடிச்சு அனுப்புங்க. வீட்ட இல்ல, ஊர. ஊரு மாதிரி இருந்தா வர்றேன்.”

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் வருஷக்கணக்கில் மில்லிமீட்டர் எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலில் அனுப்பியது முப்பத்தைந்தில் எடுத்தது. விரிகுடாவுக்கு எதிரே ஹாடோ பக்கத்து மேட்டில் ஏறி நின்று, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, ஒன்றின் ஓரத்தில் அடுத்ததை ஏற்றி ஒட்டினார். சர்வே வரைபடங்களைத் துணியில் ஒட்டுகிற அதே முறை. மைதாப் பசையில் கரப்பான் வாய் வைக்காமலிருக்க மயில்துத்தம் கலந்தார். ஒட்டி முடித்ததை மெஸ் பெஞ்சில் விரித்தபோது நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். மேலே அகண்ட வானம். கீழே அகண்ட கடல். நடுவில் யாரோ பென்சிலை உதறியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள்தான் நாங்கள் எல்லாரும் வசித்துவந்தோம்.

பார்வதியின் பதில் அடுத்த கப்பலில் வந்தது. தம்பி முருகேசன் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதில் ஒரு தென்னைமரம் கிடைத்ததாம். ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் நூற்று முப்பத்தைந்து வந்து சேர்ந்தது. சாத்தம் ஜெட்டியில் மரம் ஏற்ற வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பல் அதிகாரியிடம், படாக் மரத்தில் தானே இழைத்து வைத்திருந்த நகைப்பெட்டியைக் கொடுத்து அந்த லென்ஸை வாங்கினார். நகைப்பெட்டி பார்வதிக்காகச் செய்தது. நாயர் அதைச் சுட்டிக்காட்டினார். “நகை வைக்கிற ஆளு வந்தாத்தானே பொட்டி,” என்றார் இவர்.

புது லென்ஸில் ஊர் எழுந்து வந்தது. ஜன்னல் தெரிந்தது. கொடியில் காயும் லுங்கி தெரிந்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே ஃபெர்ரி நகர்ந்துகொண்டே இருந்ததால், ஒட்டி முடித்தபோது ஒரே ஃபெர்ரி வரிசையாகப் பல இடங்களில் போய்க்கொண்டிருந்தது. “இருக்கட்டும்ய்யா. போக்குவரத்து வசதி நெறைய இருக்குன்னு நெனைப்பா,” என்றார். பாதி ஊர் வெயிலிலும் பாதி ஊர் மழையிலும் இருந்தது. போர்ட் பிளேரில் அது உள்ளதுதான்.

இத்தனை சந்தோஷத்துக்கும் நடுவே ஒரு பூதம் நின்றது. எங்கள் குவார்ட்டர்ஸ் கூரைக்குச் சரியாக மேலே, சரிவின் உச்சியில், செல்லுலார் ஜெயில். பாதிக்குமேல் இடிந்துபோன கட்டடம்தான். ஆனால் படத்தில் நாங்கள் அதன் மடியில் உட்கார்ந்து சோறு தின்பது மாதிரி இருந்தது. அந்தப் படத்தைப் பார்க்கிற எந்த மாமனாரும் பெண்ணைக் கப்பலேற்ற மாட்டார்.

லென்ஸ் செய்த சதி என்று நான் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“லென்ஸ் என்னய்யா பண்ணுச்சு? அது ஜெயிலக் கிட்டத்துல கொண்டாரல. நாமதான் தூரமா நிக்கிறோம். தூரமா நின்னு பாத்தா வீடும் ஜெயிலும் ஒட்டிக்கிட்டுத்தான் தெரியும். எந்த லென்ஸப் போட்டாலும் அப்படித்தான். கிட்ட வந்து நின்னாத்தான் வீடு பெரிசு, ஜெயில் சிறுசு.”

“அப்ப கிட்டப் போய் எடுங்க அண்ணாச்சி.”

“கிட்டப் போனா வீடு மட்டுந்தான் விழும். அவ ஊரல்ல கேட்டா.” டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: “அவ அருப்புக்கோட்டைல நிக்கிறாய்யா. அம்புட்டுத் தூரத்துல நிக்கிறவளுக்கு நான் எந்த லென்ஸ மாத்தி என்ன பண்ண?”

அன்றைக்கு மெஸ்ஸில் யாரும் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை.

ஜெயில் வருகிற துண்டை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டிவிடலாம் என்று நாயர் யோசனை சொன்னார். ஐம்பது மில்லிமீட்டர்க்காரர், நடைமுறை தெரிந்தவர். நூற்று முப்பத்தைந்து மறுத்துவிட்டார். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போதே ஜெயில் கண்ணில் பட்டுவிடும். முதல்நாளே அவள் பார்த்துவிட்டால், அப்புறம் நான் சொல்லுகிற எதை நம்புவாள் என்று கேட்டார். ஐம்பதைப் போட்டும் எடுத்துப் பார்த்தார். அதில் ஜெயில் சின்னதாகிவிட்டது, சரி. வீடுகளும் தீப்பெட்டிகளாகிவிட்டன. மனுஷ நடமாட்டமே இல்லாமல், காலி செய்துவிட்டுப் போன ஊர் மாதிரி இருந்தது. ஐம்பதா, நூற்று முப்பத்தைந்தா என்று அந்த மழைக்காலம் முழுக்க எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் சொல்லுகிற எந்தப் பதிலும் அவருக்குப் பிடிக்கவில்லை.

மழை விட்டு வானம் வெளுத்த ஒரு காலையில் என் கதவைத் தட்டினார். முகம் கழுவிய மாதிரி தெளிவாக இருந்தது.

“ஒரு பொம்பள வேணும்ய்யா.”

எனக்கு விளங்கச் சற்று நேரமானது. அவர் யோசித்தது இதுதான். பார்வதிக்குப் பயம் ஜெயிலைப் பார்த்து அல்ல. பேச்சுத்துணைக்கு ஒரு பெண்கூட இல்லாத ஊரோ என்றுதான் பயம். கூரைமேல் ஒரு பெண் துணி உலர்த்துவது தெரிந்தால், பின்னால் எத்தனை பெரிய ஜெயில் நின்றாலும் அது ஊர்தான். அந்தப் பெண் தெரிய வேண்டுமானால் நூற்று முப்பத்தைந்து தவிர வேறு வழியில்லை. ஜெயில் வந்தால் வரட்டும்.

எங்கள் வரிசையில் பெண் ஏது? பஜார் பக்கம் போய் ஒரு தெலுங்கு கான்ட்ராக்டரிடம், உங்கள் வீட்டம்மாவைக் கொஞ்ச நேரம் எங்கள் கூரையில் நிறுத்தித் தர முடியுமா என்று விளக்கமாகக் கேட்டிருக்கிறார். உயிரோடு திரும்பி வந்தது அவர் செய்த புண்ணியம். ஆகவே நான்.

“அண்ணாச்சி, எனக்கு மீசை இருக்கு.”

“நூத்தி முப்பத்தஞ்சுல மீசை விழாதுய்யா. சேலை விழும்.”

சேலையும் அவரிடமே இருந்தது. பார்வதி வந்து இறங்குகிற அன்றைக்கு என்று அபர்தீன் பஜாரில் வாங்கி வைத்தது. மஞ்சள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புச் சேலை மலையோடு மலையாகப் போய்விடுமாம். மஞ்சள்தான் வெளுப்பாக எடுத்துக் காட்டும் என்றார். அவர் மடிப்பு வைக்க, நான் சுற்றிக்கொள்ள, நாயர் வாசற்படியில் நின்று மலையாளத்தில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது நூற்று முப்பத்தைந்து திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “கொசுவத்த நல்லா உள்ள சொருகிக்க. மேல காத்தடிக்கும்.”

ஜெயிலைக் கத்தரிக்க மாட்டீர்கள், இல்லாத பெண்ணை மட்டும் நிறுத்துவீர்களா என்று அப்போது கேட்டேன். கூச்சத்தில் வந்த கேள்வி. அவர் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

“இல்லாத பொம்பள இல்லய்யா. அவதான். கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கிர்றேன், அம்புட்டுத்தான்.”

எதிர்க்கரை மேட்டிலிருந்து அவர் வெள்ளைத் துண்டை உயர்த்தினால் நான் அசையாமல் நிற்க வேண்டும். இறக்கினால் நான் இறங்கலாம். துண்டு உயர்ந்தது. பிறகு இறங்கவே இல்லை. மேகம் விலகட்டும், வெயில் ஒரே சீராகட்டும் என்று காத்திருந்த மனிதர், துண்டை ஒரு செடியில் சொருகியதை மறந்துவிட்டார். தகரம் காய்ந்து உள்ளங்காலைச் சுட்டது. நான் துணியை உதறுவது போல ஒரு கையை நீட்டிக்கொண்டு, காற்றில் பாய்மரமாக உப்பிய சேலையை மறுகையால் பிடித்துக்கொண்டு நின்றேன். கொசுவம் அவிழ்ந்து முன்பக்கம் பறந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே ரோட்டில் எங்கள் பஞ்சாபி இன்ஜினீயரின் ஜீப் வந்தது, நின்றது, சற்று நேரம் நின்றே இருந்தது, போய்விட்டது.

மறுநாள் ஆபீஸில் அவர் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “பாபு, தும்ஹாரா ஃபேமிலி ஆ கயா க்யா?”

குடும்பம் வந்துவிட்டதா என்கிறார். இன்னும் இல்லை ஸாப் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இருந்ததை இன்றுவரை பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

படம் போயிற்று. கப்பல் மறைகிறவரை ஜெட்டியில் நின்றார். பதில் வருவதற்கு முன்பே குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்தார். எங்கிருந்தோ ஒரு அம்மிக்கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து பின்கட்டில் போட்டார். லென்ஸ் பேச்சு குறைந்து, தேங்காய் என்ன விலை, மெட்ராஸிலிருந்து வருகிற பெண்களுக்குக் கப்பலில் வாந்தி நிற்க என்ன மருந்து என்பது போன்ற பேச்சு வந்தது. இன்ஜினுக்கு ஏதோ கோளாறாம், கப்பல் மெட்ராஸிலேயே நின்றுவிட்டது. அவர் கவலைப்படவில்லை. கிளம்புகிறவளுக்குச் சாமான் கட்ட அவகாசம் கிடைக்கும் என்றார்.

கப்பலுக்கு முன்னால் தந்தி வந்தது. வயர்லெஸ் ஆபீஸ் ஆள் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தான். பார்வதி காய்ச்சல் கண்டு அதிலேயே போய்விட்டார்.

தீவில் அது ஒரு தனிக் கொடுமை. சாவு அன்றைக்கே வந்துவிடும். நாம் போகிற கப்பல் வராது. எடுத்தார்களா, யார் கொள்ளி வைத்தது, ஒன்றும் தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் காலையானதும் அவர் ஹாடோ மேட்டுக்குப் போய்விடுவார். கேமராவில் பிலிம் கிடையாது. நூற்று முப்பத்தைந்தைப் போட்டுத் துறைமுக வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நாயர் கொடுத்த சோற்றைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். என்னிடம் கேமராவை நீட்டினார். பார்த்தேன். கடல் மிகவும் கிட்டத்தில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

“கப்பல் வந்தா இது பெரிசாக் காட்டும்ய்யா,” என்றார். “வெரசாக் கொண்டாராது.”

அவர் அருப்புக்கோட்டைக்குப் போனபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. திரும்பி வரமாட்டார் என்று பேசிக்கொண்டோம். வந்தார். தனியாக விடவேண்டாம் என்று மைத்துனன் முருகேசனும் கூட வந்திருந்தான். பூதக்கண்ணாடிக்காரன். காலேஜ் முடித்த பையன், நல்ல பையன். வெள்ளையடித்த சுவரையும் அம்மிக்கல்லையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அன்று நானும் அங்கே இருந்தேன்.

“மாமா, மேல நின்னு துணி காயப் போட்டாங்கள்ல, அந்தம்மா எந்த வீடு?”

எதற்கு என்று நான்தான் கேட்டேன்.

“அக்கா அவங்களுக்குன்னு எடுத்து வச்சது. போட்டோ வந்ததுல இருந்து பூதக்கண்ணாடிய என் கையில குடுக்கவே இல்ல. அந்த ஜெயிலப் பாத்து அப்பாதான் மொனகிக்கிட்டே இருந்தாரு. அக்கா அதப் பாக்கக்கூட இல்ல. ‘ஒரு பொம்பள இருக்காடா, பாவம், சேலை கட்டவே தெரியல, எந்த ஊர்க்காரியோ, நான் போய்ச் சொல்லிக் குடுக்கணும்’னு சொல்லிக்கிட்டே டிரங்குப் பெட்டியில சாமான் அடுக்குச்சு. அன்னிக்குச் சாயங்காலந்தான் காய்ச்சல் வந்துச்சு.”

பொட்டலத்தில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும், ஒரு அட்டை ஊக்கும் இருந்தன.

நான் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். பொய் இல்லை; சேரவேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்தது. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தீவின் ஈரத்தில் ஊக்குகள் துருப்பிடித்துவிட்டன. எடுத்து எறிய என் மனைவி பலமுறை முயன்றிருக்கிறாள். வறுத்த அரிசி போட்ட ஒரு பிஸ்கட் டின்னில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

முருகேசன் குளிக்கப் போனான். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நூற்று முப்பத்தைந்து என் கையிலிருந்த ஊக்கு அட்டையை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். ஊரிலிருந்து வந்த பிறகு அவர் தானாக வாய் திறந்தது அப்போதுதான்.

“கொசுவத்த உள்ள சொருகச் சொன்னேன்ல,” என்றார். “கேட்டியா?”